பச்சை உப்பு உனக்கு வேண்டாம்

மகனே,

நலமா என்று கேட்கப்போவதில்லை. நேற்று போனில் நீ போட்ட சத்தத்திலேயே உன் தொண்டை நன்றாக இருப்பது தெரிந்துவிட்டது. பழுதெல்லாம் என் தொண்டையில்தான். அதனால்தான் பேசாமல் எழுதுகிறேன். பேசினால் நீ பாதியில் குறுக்கே விழுவாய், நான் போனை வைத்துவிடுவேன், அப்புறம் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருப்போம். கடிதத்தில் அந்த வசதி உனக்கு இல்லை. கடைசி வரைக்கும் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

நீ கேட்டது என்ன? தை மாதம் உனக்குக் கல்யாணம். அதற்குள் கம்பி மத்தாப்பு ஃபேக்டரியின் லைசென்ஸை என் பெயரிலிருந்து உன் பெயருக்கு மாற்றித் தர வேண்டும். பெங்களூரில் வேலை போய்விட்டது, இனி கோவில்பட்டியோடு வந்து தொழிலைப் பார்க்கிறேன் என்கிறாய். கயத்தாற்றில் பெண் வீட்டாரும் மாப்பிள்ளைக்குச் சொந்தத் தொழில் என்றுதான் சொந்தபந்தத்திடமெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார்கள். நான் கோர்ட்டு தடை பண்ணின பச்சை உப்பு மூட்டைகளை நினைவுபடுத்தினேன். அதற்கு நீ, “எல்லாரும் சத்தமில்லாம போடுதாங்க யம்மா. நாம மட்டும் எதுக்கு மூட்டைய வச்சுப் பூஜ பண்ணுதோம்?” என்றாய். அந்த இடத்தில்தான் போனை வைத்தேன். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாற்றித் தர மாட்டேன். இனி காரணத்தைக் கேள்.

பச்சை உப்பை நீ மூட்டையாகத்தான் பார்த்திருக்கிறாய். மருந்து கலக்கும் அறைப் பக்கம் உன்னை நான் விட்டதே இல்லை. மூட்டையில் பேரியம் நைட்ரேட் என்று அச்சடித்திருக்கும். நம் பக்கத்தில் அதற்குப் பச்சை உப்பு என்றுதான் பெயர். பார்வைக்குப் பொடித்த கல்லுப்புதான், வெள்ளையாக இருக்கும், வாசனை கிடையாது. தூக்கினால்தான் அதன் குணம் தெரியும். சின்னப் பைதானே என்று குனிந்தால் இடுப்பு பிடித்துக்கொள்ளும், அவ்வளவு கனம். நெருப்பில் பட்டால் பச்சையாக எரியும், பெயர் அதனால் வந்தது. ஆனால் மத்தாப்பில் அது வெறும் நிறத்துக்காகச் சேர்க்கிற சாமான் இல்லை. அலுமினியப் பொடியும் இரும்புத் தூளும் பசையோடு சேர்ந்து கம்பியில் ஒட்டியிருந்தால் மட்டும் எரிந்துவிடாது. அவை எரிவதற்கு வேண்டிய மூச்சை உள்ளே இருந்து கொடுப்பது இந்த உப்புதான். அதைவிடப் பெரிய குணம், அது ஈரம் இழுக்காது. தீபாவளி வருவதோ ஐப்பசி மழையில். வெளியே கொட்டோ கொட்டென்று கொட்டினாலும் கடைக்காரர் பெட்டியைத் திறந்தால் நம் கம்பி காய்ந்து கிடக்கும். பற்றவைத்தால் நுனியிலிருந்து அடிவரை ஒரே சீராகப் பொரிந்து இறங்கும். சின்னப் பிள்ளைகள் கையில் கொடுக்கிற சாமான் நடுவில் சீறவும் கூடாது, அணையவும் கூடாது. உன் அப்பா இருந்தவரை அவரும், அவர் போன பிறகு நானும் பசாரில் தலை நிமிர்ந்து நடந்தது இந்த உப்பின் தயவில்தான். அதை நான் மறைக்கவில்லை.

அதே உப்பு விஷம் என்பதும் உனக்குத் தெரியும், ஆனால் கேள்விப்பட்டுத்தான் தெரியும். நான் பார்த்திருக்கிறேன். நம் ஃபேக்டரிக்குள் வெற்றிலை கிடையாது, மருந்து அறைப் பக்கம் சோற்றுத் தூக்கு வரக் கூடாது, கை கழுவாமல் ஒருத்தி தண்ணீர்க் குடத்தைத் தொட்டால் அன்றைக்கு அவளுக்கு என் வசவுதான் சாப்பாடு. கம்பியை மருந்தில் முக்குகிற பெண்களுக்கெல்லாம் மூத்தவள் பேச்சியம்மாள் என் செருப்புச் சத்தம் கேட்டதுமே, “அம்மா வாராவ, கையக் கழுவுங்கட்டி” என்பாள். என்னைச் சிடுமூஞ்சி என்று அவர்கள் பின்னால் சொல்வதும் எனக்குக் கேட்கும். அந்தச் சிடுசிடுப்பு வந்தது ஒரு கோடையில். அப்போது மருந்துப் பாத்திரம் கழுவிய தண்ணீரை வெளியே ஒரு பள்ளத்தில் விடுவோம். பக்கத்துப் புஞ்சையில் கிடை போட வந்தவரின் வெள்ளாடுகள் அதில் வாய் வைத்துவிட்டன. கொஞ்ச நேரத்தில் பின்னங்கால் மடங்கி உட்கார்ந்தன, பிறகு முன்னங்காலும் மடங்கியது. உயிர் இருக்கிறது, கண் முழித்துப் பார்க்கிறது, எழுந்திருக்க மட்டும் முடியவில்லை. பொழுது சாய்வதற்குள் எல்லாம் முடிந்தது. அந்த மனிதர் என்னைத் திட்டவில்லை. செத்த குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றார். “தண்ணிதான தாயி குடிச்சுது. தண்ணிக்குள்ள என்ன இருந்துச்சு?” என்று கேட்டார். அதற்குப் பிறகுதான் சுற்றுச்சுவரும் மூடியும் வைத்துச் சிமெண்டுத் தொட்டி கட்டினேன்.

அப்புறம் பேரியம் சேர்க்கக் கூடாது என்று கோர்ட்டு உத்தரவு வந்தது. புகையில் நஞ்சு இருக்கிறது, ஊர் மூச்சு விட வேண்டும் என்றார்கள். அதில் நியாயம் இல்லை என்று ஆடு செத்ததைப் பார்த்த நான் எப்படிச் சொல்வேன்? ஆனால் அந்த வருஷத் தீபாவளிக்கென்று முன்கூட்டியே வாங்கி அடுக்கிய மூட்டைகள் குடோனில் இருந்தன, இப்போதும் இருக்கும் என்றுதான் நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். பச்சை உப்புக்குப் பதிலாக வேறு உப்புகளைப் போட்டுப் பார்த்தேன். ஒன்று கம்பியிலேயே வியர்த்து ஒழுகியது, ஒன்று பாதியில் புகைந்து அணைந்தது. கடைக்காரர்கள் பெட்டி பெட்டியாகத் திருப்பி அனுப்பினார்கள். முக்குகிற பெண்கள் ஒவ்வொருத்தியாகத் தீப்பெட்டி ஆபீசுக்குப் போய்விட, பேச்சியம்மாளும் இன்னும் சிலரும் மட்டும் இருந்தார்கள். சரி, மூடிவிடலாம் என்று லைசென்ஸை ஒப்படைக்கப் போனேன். சரக்கு இருப்பு சுத்தமாகத் தீர்ந்த பிறகுதான் ஒப்படைக்க முடியும் என்றார் அதிகாரி. மூட்டையை நான் உபயோகிக்கக் கூடாது. இன்னொருவருக்கு விற்கக் கூடாது. வாங்கிய இடத்தில் திரும்ப எடுக்க மாட்டார்கள். கொளுத்தினால் அது வேறு குற்றம். மண்ணில் கொட்டலாம் என்றால், நம் கரிசல் கோடையில் ஆள் கால் இறங்குகிற அளவு வெடித்துக் கிடக்கும். மேலே கொட்டுவது யார் கிணற்றில் போய் நிற்கும் என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம். அப்படியென்றால் எப்படித் தீர்ப்பது என்று கேட்டேன். “அத நீங்கதாம்மா பாக்கணும். எப்படின்னு நான் சொல்லக் கூடாது” என்றார். நல்ல மனிதர்தான், மோர் கொடுத்து அனுப்பினார்.

இப்படியே வருஷங்கள் போய்விட்டன. நம் ஃபேக்டரி இருக்கிற பசுவந்தனை ரோட்டில் ஒரு போலீஸ் ஜீப் திரும்பினால் ஓடிப்போய்க் குடோன் பூட்டை இழுத்துப் பார்ப்பேன். நான் ஒரு கம்பியில்கூட அதைப் போடவில்லை, ஆனாலும் திருடி மாதிரி இருந்தேன். வெளியூர்க் கல்யாணம் எதற்கும் போகவில்லை, அத்தை மகள் வீட்டுக்குக்கூட வரவில்லை என்று நீ கோபித்துக்கொண்டாயே, மூட்டையை விட்டுவிட்டு எப்படி வருவேன்? யாராவது ராவோடு ராவாகத் தூக்கிக்கொண்டு போய் எங்காவது கலந்து வைத்தால் பெயர் என்னுடையது. குடோன் சாவி என் இடுப்பில்தான் இருந்தது, ஆனால் பூட்டப்பட்டிருந்தது நான்தான். எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் வாரிசு என்ற பெயரில் அது நேராக உன் வாசலில் வந்து நிற்கும். நீ கேட்கிற லைசென்ஸ் அதுதான் ஐயா. புது மாப்பிள்ளைக்குச் சீதனமாக நான் கொடுக்கக்கூடியது ஒரு பூட்டிய அறைதான், அதற்குள் நீ.

இந்த நிலைமையில்தான் தொண்டை மக்கர் பண்ண ஆரம்பித்தது. இட்லி இறங்கவில்லை. பிறகு குழைந்த சோறு இறங்கவில்லை. நெஞ்சுக் குழியில் வந்து நின்றுகொண்டு, மேலேயும் வராது கீழேயும் போகாது. பேச்சியம்மாளைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு திருநெல்வேலியில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் எக்ஸ்ரே படம் எடுக்க எழுதிக் கொடுத்தார். படம் எடுக்கிற அறையில் ஒரு பெண் பிள்ளை, உன் வயதுதான் இருக்கும், டம்ளர் நிறைய வெள்ளைக் கூழ் கொண்டுவந்து நீட்டியது. சுண்ணாம்பு மாதிரி இருக்கிறதே, என்ன இது என்று கேட்டேன். “பேரியம்தாம்மா. இதக் குடிச்சாத்தான் படத்துல வழி தெரியும்” என்றது.

நான் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். ஆயுசு முழுக்க யார் உதட்டிலும் படாமல் காபந்து பண்ணின சாமானை, டம்ளரில் ஊற்றிக் குடி என்றால் எனக்கு எப்படி இருக்கும்? “நான் மத்தாப்பு ஃபேக்டரி வச்சிருக்கேன் தாயி. இதக் குடிச்ச ஆடு செத்தத என் கண்ணால பாத்திருக்கேன்” என்றேன். பேச்சியம்மாள் என்னைவிட ஒரு படி மேலே போனாள். “வாங்கம்மா, இவிய ஆள முடிக்கப் பாக்காவ” என்று வராந்தாவில் உட்கார்ந்திருந்த நோயாளிகளுக்கெல்லாம் கேட்கிற மாதிரி சொல்லிக்கொண்டே என் கையைப் பிடித்து இழுத்தாள். அந்தப் பிள்ளை பாவம், வாசல் வரைக்கும் பின்னால் ஓடி வந்தது. நீங்கள் சொல்வது நைட்ரேட், இது சல்பேட், இது தண்ணீரில் கரையாது, கரைந்தால்தான் ரத்தத்தில் சேரும், இது போன வழியே அப்படியே வெளியே வந்துவிடும் என்று மூச்சு வாங்கச் சொன்னது. நான் நம்பவில்லை. அதற்குப் பிறகு அது சொன்னதைத்தான் நீ கவனமாகக் கேட்க வேண்டும். “உங்க உப்ப யாராவது தெரியாம முழுங்கிட்டா, ஆஸ்பத்திரியில பேதி உப்பத்தாம்மா கரைச்சுக் குடுப்பாவ. ரெண்டும் உள்ள சேந்து இந்த வெள்ளையா மாறிரும். அப்புறம் பயம் இல்ல.”

நான் பஸ் ஏறிவிட்டேன். உன்னிடம் படம் எடுத்தாயிற்று, ஒன்றுமில்லை என்று சொன்னது பொய். கஞ்சித் தெளிவை மட்டும் குடித்துக்கொண்டு வீட்டில் கிடந்தேன். ஆனால் அந்தப் பிள்ளை சொன்னது மண்டைக்குள் கிடந்து குடைந்தது. பேதி உப்பு என்ன கிடைக்காத சாமானா? பருத்தி இலை சிவந்தால் கரைத்துத் தெளிக்கிறார்களே, உரக்கடையில் மெக்னீசியம் சல்பேட் என்று மூட்டையாக அடுக்கியிருக்கிறதே, அதேதான். கடையில் ஒரு பொட்டலம் வாங்கி வந்தேன். கையுறை மாட்டிக்கொண்டு ஒரு கண்ணாடி டம்ளரில் பச்சை உப்பைக் கொஞ்சம் கரைத்தேன். தெளிந்த தண்ணீராக நின்றது. அந்த ஆடுகள் குடித்த தண்ணீரும் இப்படித்தான் தெளிவாக இருந்திருக்கும். அதில் பேதி உப்புக் கரைசலை ஊற்றினேன். ஊற்றின இடத்திலேயே பாலாகத் திரிந்தது. ஆஸ்பத்திரியில் நான் வேண்டாமென்று வைத்துவிட்டு வந்தேனே, அதே வெள்ளை. தெளிய விட்டுப் பார்த்தால் அடியில் மாவாகப் படிந்திருந்தது. அந்த மனிதர் குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றபோது, கூப்பிடு தூரத்தில் உரக்கடையில் இது இருந்திருக்கிறது. எனக்குத் தெரியவில்லையே என்று அழுதேன். இத்தனை வருஷம் அதை வைத்துப் பிழைத்தவள், அது என்ன என்று ஒருநாளும் யாரிடமும் கேட்கவில்லை. எப்படி எரியும் என்பது மட்டும் தெரிந்தால் போதும் என்று இருந்துவிட்டேன். நீ எந்த வேலைக்குப் போனாலும் சரி, உன் கையில் இருப்பது என்னவென்று கூச்சப்படாமல் கேட்டுத் தெரிந்துகொள். கேட்டால் உன் மீசை ஒன்றும் உதிர்ந்துவிடாது.

மறுபடியும் திருநெல்வேலிக்குப் போனேன். அதே பிள்ளைதான் இருந்தது. சிரிக்காமல் டம்ளரை நீட்டியது, நானும் பேசாமல் வாங்கிக் குடித்தேன். திரையில் காட்டினார்கள். வெள்ளை தொண்டையிலிருந்து வழுக்கிக்கொண்டு இறங்குகிறது, வயிற்றுக்குப் பக்கத்தில் வந்ததும் நின்றுவிடுகிறது. கீழே வழி ஊசி நுனியாகக் குறுகிக் கிடக்கிறது. புற்று எதுவும் இல்லையாம், அந்த வாசல் திறக்க மறந்துவிட்டதாம். பலூனை உள்ளே விட்டு விரிக்க வேண்டும் என்றார் டாக்டர். நூற்றில் ஓரிருவருக்கு விரிக்கும்போது கிழிந்துவிடும், கிழிந்தால் ஆபத்து என்று மெதுவாகச் சொன்னார். சரி என்றேன். ஆனால் அதற்குள் மூட்டையைத் தீர்த்துவிட வேண்டும் என்று ஊர் திரும்பும்போதே முடிவு கட்டிவிட்டேன்.

அதிகாரியிடம் போய்ச் சொன்னேன். யோசனை நல்லதுதான், ஆனால் செய் என்று எழுத்தில் கொடுக்க முடியாது என்றார். வேண்டாம் என்றும் எழுதிக் கொடுக்கவில்லை. வந்ததும் ஆரம்பித்துவிட்டோம். பேச்சியம்மாளும் மிச்சமிருந்த பெண்களும் முகத்தில் துணி கட்டி, கையுறை போட்டுக்கொண்டு, அந்தச் சிமெண்டுத் தொட்டியில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்தோம். பச்சை உப்பு லேசில் கரையாது, தண்ணீர் நிறையக் குடிக்கும். கரைந்ததும் பேதி உப்பு. தொட்டி பாலாகும், தெளிய விடுவோம், மேல் தண்ணீரை டம்ளரில் எடுத்து இன்னும் கொஞ்சம் பேதி உப்பு போட்டுப் பார்ப்போம். கலங்காமல் நின்றால்தான் அடுத்த மூட்டை. கடைசி மூட்டையின் வாயைப் பிரிக்கும்போது பேச்சியம்மாள் கை நின்றது. “இதோட நம்ம கத முடிஞ்சுதாம்மா?” என்று கேட்டாள். கம்பி முக்கி முக்கியே மூன்று பெண்களைக் கட்டிக் கொடுத்தவள் அவள். இனி தீப்பெட்டி ஆபீசில் சின்ன வயதுப் பெண்களோடு உட்கார்ந்து குச்சி அடுக்க அவள் கண்ணுக்கு முடியாது. கிண்டு என்று மட்டும் சொன்னேன். அவள் கிண்டினாள்.

இனி விடுதலை என்றுதானே நினைப்பாய். நானும் அப்படித்தான் நினைத்தேன். அதிகாரியை அழைத்து வந்து தொட்டியைக் காட்டினேன். எட்டிப் பார்த்தார். இது என்னம்மா என்று கேட்டார். பேரியம் சல்பேட், கரையாது, விஷம் இல்லை, ஆஸ்பத்திரியில் குடிக்கக் கொடுக்கிறார்கள், நானே குடித்தேன் என்றேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும். “அப்ப இதுவும் பேரியம்தானம்மா. உத்தரவுல பேரியம்னு இருக்கு. நான் எப்படி இருப்பு இல்லன்னு எழுத முடியும்?” என்றார். எனக்கு அவர் மேல் கோபமே வரவில்லை. டம்ளரை வைத்துவிட்டு ஓடி வந்தவள்தானே நான், எந்த முகத்தோடு கோபப்படுவேன்? ஒரு பாட்டிலில் அள்ளிச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார். அறிக்கை வரும்வரை லைசென்ஸ் என் பெயரில்தான், தொட்டியும் என் பொறுப்பில்தான். எப்போது வரும் என்று அவருக்கும் தெரியாது. ஆக, விஷம் போய்விட்டது, பூட்டு மட்டும் அப்படியே தொங்குகிறது. நான் இன்னும் உள்ளேதான் இருக்கிறேன்.

இன்னொன்றும் செய்திருக்கிறேன், இதற்குத்தான் நீ அதிகம் குதிப்பாய். கயத்தாற்றுக்குப் போய் உன் வருங்கால மாமனாரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். தன் ஹார்டுவேர் கடையில் ஆணி நிறுத்துக்கொண்டே கேட்டார். மாப்பிள்ளைக்குத் தொழிலும் இல்லை, இப்போது வேலையும் இல்லை என்று நானே சொன்னதும் தராசைக் கீழே வைத்துவிட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்றார், அவ்வளவுதான். கல்யாணம் நிற்குமோ நடக்குமோ என்று எனக்குத் தெரியாது. மூடி மறைத்து ஒரு பெண்ணை இந்தக் கதவுக்குள் கொண்டுவர எனக்கு மனசில்லை. பஸ்ஸுக்கு நிற்கும்போது உனக்குப் பார்த்த பெண் பின்னாலேயே வந்தாள். “அத்தை, இத அவியகிட்ட சொல்லிட்டீங்களா?” என்று கேட்டாள், உன்னைத்தான் சொல்கிறாள். இல்லை என்றேன். “மொதல்ல அவியகிட்ட சொல்லுங்க. எங்கப்பாட்ட நான் பேசிக்கிடுதேன்” என்றாள். எனக்கு அவளைப் பிடித்துப் போயிற்று. அவள் சொன்னதால்தான் இந்தக் கடிதம். இல்லாவிட்டால் இன்னும் கொஞ்ச நாள் பொய் சொல்லிக்கொண்டே இருந்திருப்பேன்.

வரும் வெள்ளிக்கிழமை பலூன் வைக்கிறார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது, உன்னிடம் சொல்வதற்கென்ன. மயக்கம் கொடுப்பதற்கு முன்னால் சொந்தக்காரர் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டுமாம். நான் போடுகிறேன் என்று பேச்சியம்மாள் முன்னால் போய் நின்றாள், ஒத்துக்கொள்ளவில்லை. பிள்ளை இருக்கிறானா என்று கேட்டார்கள். இருக்கிறான், என் மேல் கோபமாக இருக்கிறான் என்றேன். நீ கோபத்தோடேயே வா, வந்து என் எதிரே நின்று திட்டு. ஆனால் நான் வெளியே வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி, ஃபேக்டரி பெயரில் யார் எந்தத் தாளை நீட்டினாலும் தொடாதே. ஆஸ்பத்திரியில் கொடுக்கிற அந்தத் தாளில் மட்டும், மகன் என்று எழுதிக் கையெழுத்துப் போடு.

அம்மா